ஐந்தாவது ஆட்டத்துக்குக் காத்திருந்தவர்

இறகுப்பந்தில் கோட்டு நடுவராக உட்கார ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். அதை எப்போது சொல்லாமல் இருப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் பல வருடம் ஆகிறது.

அந்த வார்த்தை 'அவுட்'. காக், அதாவது இறகுப்பந்து, கோட்டுக்கு வெளியே விழுந்தால் சத்தமாக அவுட் சொல்லி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். உள்ளே விழுந்தால் பேசக் கூடாது. வலது கையால் கோட்டைக் காட்ட வேண்டும். விழுந்த இடம் கண்ணில் படாமல் போனால் இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். இந்த மூன்று சைகைகளும் உலக இறகுப்பந்து சம்மேளனம் வகுத்தவை. கோலாலம்பூரிலும் இதேதான், திருவண்ணாமலையிலும் இதேதான்.

ஸ்கோர் எழுதுபவர்கள், கிரிக்கெட் அம்பயர்கள், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்காரும் வாத்தியார்கள் ஆகியோருக்கு நான் சொல்லப்போவது புரியும். அடுத்தவர் ஆடுவதைப் பார்ப்பதே நம் வேலை. அதை ஒழுங்காகச் செய்தால் நாம் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது.

பேசாத ஆள்

நான் எட்டாவது வரை படித்தவன். ரைஸ் மில்லில் மூட்டை எண்ணும் வேலை பார்த்து ஓய்ந்தவன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருக்கோடியில் ஷட்டில் ஹால் கட்டியபோது, சாயங்காலங்களில் சுவரோரம் நின்று பார்ப்பேன். கிளப் செயலாளர் தட்சிணாமூர்த்தி தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, மாவட்டப் போட்டிக்குக் கோட்டு நடுவராக உட்காரச் சொன்னார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்றேன். "அதுக்குத்தாங்க உங்களக் கூப்பிடறேன். போன வருஷம் உட்கார்ந்தவரு ஒவ்வொரு அடிக்கும் கருத்து சொல்லிட்டு இருந்தாரு" என்றார்.

பயிற்சி அன்று நான் சொன்ன 'அவுட்' எனக்கே கேட்கவில்லை. உயர நாற்காலியில் இருந்த அம்பயர், "பெரியவரே, காக் விழுந்ததா இல்ல நீங்க விழுந்தீங்களா?" என்றார். அதனால் வீட்டு மொட்டை மாடியில் போய்ப் பழகினேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து அவுட், தென்னை மரத்தைப் பார்த்து அவுட். வாய் திறந்து கத்துவது முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் பக்கத்துத் தெரு வரை கேட்டது. துணி எடுக்க மேலே வந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல என்னைக் கூப்பிடக்கூட இவ்ளோ சத்தம் வந்ததில்லையே" என்றாள்.

கலையாத மடிப்பு

ஷட்டிலில் நாடுகள் அணி அணியாக மோதும் போட்டிகளில் ஆண்களுக்கானது தாமஸ் கோப்பை. ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம்: மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ். மூன்றை முதலில் ஜெயிக்கும் அணிக்கு வெற்றி. எங்கள் மாவட்டத்து கிளப்புகளுக்கு நடக்கும் கோப்பையும் அதே முறைதான். ஒரு வித்தியாசம் உண்டு. தாமஸ் கோப்பையின் முதல் கட்டத்தில், முடிவு தெரிந்த பிறகும் மிச்ச ஆட்டங்களை ஆடி முடிப்பார்கள். எங்களுக்கு ஆரம்பமே நாக்-அவுட். மூன்றாவது வெற்றி வந்த நிமிடமே அடுத்த இரண்டு அணிகளை உள்ளே விட்டுவிடுவார்கள்.

எங்கள் கிளப்பின் மூன்றாவது சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் ஏகாம்பரம். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர். பொறுமையாக ஆடுவார். பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருக்கும், அதாவது ஐந்தாவது ஆட்டம் அவருடையது. எங்கள் அணி ஜெயித்தாலும் தோற்றாலும் நாலாவது ஆட்டத்துக்குள் கதை முடிந்துவிடும். இரண்டுக்கு இரண்டு என்ற நிலை வந்ததே இல்லை. மூட்டை எண்ணிய பழக்கத்தில் இதையும் எண்ணினேன். பதினோரு மோதலில் பெயர் கொடுத்து, ஒன்றில்கூட அவர் கோர்ட்டில் கால் வைக்கவில்லை. நாலாவது ஆட்டம் நடக்கும்போது வராந்தாவில் ஷூ கட்டிக்கொண்டு குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்குவார். உள்ளே கைதட்டல் கேட்கும். குதிப்பதை நிறுத்திவிட்டு, குனிந்து லேஸை அவிழ்ப்பார்.

"பேருக்காவது அந்த அஞ்சாவதையும் ஆடிடலாமே சார்" என்று ஒரு தடவை செயலாளரிடம் கேட்டார். "முடிஞ்சு போன கேஸுக்கு எதுக்குப்பா மறுபடி வாய்தா?" என்றார் தட்சிணாமூர்த்தி. கிளப் கொடுத்த டீ-ஷர்ட்டை, ஆடக் கூப்பிட்ட பிறகுதான் போடுவது என்று ஏகாம்பரம் பையிலேயே வைத்திருப்பார். அவர் மனைவி பவானி ஒவ்வொரு போட்டிக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவார். ஒரு நாள் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வாங்கின மடிப்பு கலையாம வீட்டுக்கு வருதுங்க. கடையில திருப்பிக் குடுத்தாக்கூட வாங்கிப்பான்."

ஒரு மீட்டர் பதினைந்து

முன்பெல்லாம் சர்வீஸ் போடும்போது காக் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. இடுப்பு எங்கே என்று ஆளுக்கு ஆள் சண்டை. உலக சம்மேளனம் யோசித்து, குள்ளமோ உயரமோ, தரையிலிருந்து ஒரு மீட்டர் பதினைந்து சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சரி என்று மாற்றியது. அதை அளக்கும் கருவி பெரிய போட்டிகளில் இருக்கும். எங்கள் ஊரில் தட்சிணாமூர்த்தி வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு குழாய் நட்டு, நடுவில் கறுப்புக் கயிறு கட்டினார்.

எங்கள் முதல் சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் முனிரத்தினம் போலீஸில் இருக்கிறார். ஆறடிக்கு மேலே உயரம். அவருடைய சர்வீஸ் எல்லாம் கயிற்றுக்கு மேலேயே போனது. முழங்காலை மடித்து மடித்துப் போட்டுப் பார்த்தார். ஏகாம்பரம் குள்ளம், அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இருந்தும் ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் புது விதிப்படி சர்வீஸ் பழகினார். ஆடக் கிடைக்காத ஆட்டத்துக்கு இவ்வளவு சிரத்தையா என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. முனிரத்தினம்தான் அந்தக் கயிற்றைப் பார்த்துக் கொதித்துப் போனார். "கம்மி உயரம் இருக்கிறவன் நிமிர்ந்து நின்னு போடறான். நான் மட்டும் கும்பிடு போட்டுட்டே சர்வீஸ் போடணுமா?"

மௌனத்தில் இருந்தவர்

ஒரு வருடம் போட்டி தேதி பௌர்ணமியில் வந்து விழுந்தது. மாற்ற வேண்டும் என்று செயலாளருக்குத் தோன்றவில்லை, மாவட்டச் சங்கம் கொடுத்த தேதி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியூரில் இருந்து வர வேண்டிய கோட்டு நடுவர் ஒருவர் வந்து சேரவில்லை. செங்கம் ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த டென்மார்க்காரர் ஒருவர் காலையில் எங்கள் ஹாலுக்கு ஆட வருவார். அவர் தன் நாட்டில் கோட்டு நடுவராக இருந்தவர் என்று தட்சிணாமூர்த்திக்குத் தெரியும். போய் அழைத்து வந்தார். அவர் அந்த மாதம் முழுக்க மௌன விரதம் என்பது நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கெல்லாம் ஒரு சின்ன ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார்.

சைகைகளில் ஒரு குறையும் இல்லை. என் கை நீட்டலைவிட அவருடையது நேராக இருந்தது. ஆனால் காக் வெளியே விழும்போது சத்தம் வராததால், ஆடுபவர்கள் ராலி, அதாவது மாறி மாறி அடிக்கும் அந்தச் சுற்று, முடிந்தது தெரியாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பயர் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கோ அன்று மனசுக்குள் ஒரு நிம்மதி. ஒரே ஹாலில் என்னைவிடக் கம்மியாகப் பேசும் ஆள் இன்னொருவர் இருப்பது அதுவே முதல் தடவை. இடைவேளையில் அவர் ஸ்லேட்டில் ஏதோ எழுதி என்னிடம் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இருவரும் தலையை ஆட்டிக்கொண்டோம். நடு ஆட்டத்தில், கைகளை விரித்தபடி கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து முனிரத்தினம் அம்பயரிடம் கேட்டார்: "சார், அவரு அவுட்டுன்றாரா, ஆசீர்வாதம் பண்றாரா?"

கோப்பை வந்த ஞாயிற்றுக்கிழமை

சில வருடங்களுக்கு முன்னால் இந்தியா முதல் தடவையாக தாமஸ் கோப்பையை ஜெயித்த இறுதி ஆட்டத்தை, ஏகாம்பரம் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிளப்பில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே அடைந்திருந்தோம். காலிறுதியும் அரையிறுதியும் இரண்டுக்கு இரண்டு வரை போய், இரண்டிலும் மூன்றாவது சிங்கிள்ஸ்காரர்தான் ஐந்தாவது ஆட்டத்தை ஜெயித்துக் கரை சேர்த்திருந்தார். அதைப் பார்த்த நாளில் இருந்தே ஏகாம்பரத்துக்கு முகத்தில் ஒரு தனிக் களை.

இறுதி ஆட்டத்தில் முதல் சிங்கிள்ஸ் நம்முடையது. டபுள்ஸ் கைவிட்டுப் போவது போலப் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது சிங்கிள்ஸும் நம்முடையது. மூன்றுக்கு சைபர். அணியில் இருந்த அத்தனை பேரும் கோர்ட்டுக்குள் ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். முனிரத்தினம் ஷட்டரைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டார். ஏகாம்பரம் மட்டும் திரையின் அருகே முகத்தை வைத்து ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். "தோ, அவருதான் மூணாவது சிங்கிள்ஸ். இன்னிக்கு ஆடவே இல்ல, ஆனா அவருக்கும் மெடல் உண்டு" என்றார். எல்லோரும் போன பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அவருக்கு ரெண்டு தடவ வந்துச்சுண்ணா. எனக்கு மெடல்கூட வேணாம். ஒரே ஒரு தடவ ரெண்டுக்கு ரெண்டு வந்தாப் போதும்."

இருபது காப்பி

போன வருடம் மாவட்டச் சங்கத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண்களும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதால், அடுத்த ஆண்டு முதல் கிளப் கோப்பை சுதிர்மான் கோப்பை முறைக்கு மாறுகிறது. அதிலும் ஐந்து ஆட்டம்தான். ஆனால் ஆண்கள் சிங்கிள்ஸ் ஒன்று, பெண்கள் சிங்கிள்ஸ் ஒன்று, ஆண்கள் டபுள்ஸ், பெண்கள் டபுள்ஸ், கலப்பு டபுள்ஸ் என்று வகைக்கு ஒன்று. நியாயமான மாற்றம். எங்கள் ஹாலில் காலையில் ஆடும் பெண்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. சுவரோரம் உட்கார்ந்து கை தட்டியதைத் தவிர அவர்களுக்கு இந்தக் கோப்பையில் வேறு வேலை இருந்ததில்லை.

ஆனால் அந்த ஒரு ஆண்கள் சிங்கிள்ஸ் இடம் முனிரத்தினத்துக்குப் போகும். மூன்றாவது சிங்கிள்ஸ் என்ற இடமே இனி இல்லை. இதை ஏகாம்பரத்திடம் யார் சொல்வது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. தட்சிணாமூர்த்தி வழக்கம் போல அந்தக் காகிதத்தைக் காப்பி எடுக்க அவர் கடையிலேயே கொடுத்தார். நானும் கூட நின்றிருந்தேன். ஏகாம்பரம் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்கு முன் ஒரு முறை படித்தார். பிறகு கவிழ்த்து மூடினார். மிஷின் ஒவ்வொன்றாகத் துப்பியது. ஓரங்களைத் தட்டிச் சேர்த்து நீட்டும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இருபது காப்பி இருக்கு சார். இந்த வருஷம் பழைய முறைதானே, அத மட்டும் உறுதிப்படுத்திக்கங்க."

இரண்டுக்கு இரண்டு

அந்த வருடம் எங்கள் அணி இறுதி வரை வந்தது. எதிர் அணி ஆரணி. முதல் சிங்கிள்ஸ் முனிரத்தினம் ஜெயித்தார். டபுள்ஸ் போயிற்று. இரண்டாவது சிங்கிள்ஸும் போயிற்று. நாலாவது ஆட்டமான இரண்டாவது டபுள்ஸ் தொடங்கும்போது வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டது. நான் பின்கோட்டு நாற்காலியில் இருந்தேன். கோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. ஆனால் காது அந்தக் குதிக்கும் சத்தத்திலேயே இருந்தது. டபுள்ஸ் மூன்றாவது செட்டுக்குப் போய், கடைசியில் ஆரணிக்காரர் அடித்த காக் நெட்டில் தொங்கியது. இரண்டுக்கு இரண்டு. கைதட்டல் எழுந்தது. வெளியே குதிக்கும் சத்தம் நின்றது. ஏகாம்பரம் உள்ளே வந்தார். டீ-ஷர்ட்டில் நாலாக மடித்த கோடுகள் அப்படியே தெரிந்தன.

நான் எழுந்து போய், போட்டி முழுக்கப் பொறுப்பான ரெஃப்ரியிடம், ஏகாம்பரம் எனக்கு வேண்டிய ஆள், நான் மாறி உட்காரட்டுமா என்று கேட்டேன். "இந்த ஊர்ல யாருக்கு யாருங்க வேண்டாதவங்க? போய் உட்காருங்க" என்றார். முதல் செட் ஏகாம்பரத்தின் அவசரத்திலேயே போயிற்று. இரண்டாவது செட்டில் தன் பொறுமைக்குத் திரும்பினார், வந்த காக் ஒன்றையும் விடாமல் எடுத்து எடுத்துப் போட்டு ஜெயித்தார். மூன்றாவது செட்டில் பத்தொன்பதுக்கு இருபது. இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமும் கோப்பையும் ஆரணிக்கு.

நீண்ட ராலி. ஆரணிக்காரர் உயரத் தூக்கிய காக் என் கோட்டை நோக்கி வந்தது. ஏகாம்பரம் பின்னால் ஓடி வந்து, பேட்டைத் தூக்கி, கடைசி நொடியில் வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டார். விட்டவர் எனக்கும் கோட்டுக்கும் நடுவே வந்து நின்றார். காக் தரையில் தட்டிய சத்தம் கேட்டது. நான் பார்த்தது அவருடைய இரண்டு கால்களை மட்டும்தான். மொத்த ஹாலும் என் வாயைப் பார்த்தது. ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் இருபதுக்கு இருபது, ஏகாம்பரம் தப்பித்தார். எனக்கு அவர் மேல் இருந்த பிரியம் அந்த வார்த்தையைத் தொண்டை வரை கொண்டு வந்துவிட்டது. ஆனால் நான் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அம்பயரும் தான் பார்க்கவில்லை என்று தலையாட்டினார். யாருமே பார்க்கவில்லை என்றால் விதிப்படி அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். ஆடினார்கள். போனதைவிடப் பெரிய ராலி. ஆரணிக்காரர் மூச்சு வாங்கினார். ஏகாம்பரம் மூலைக்கு மூலை ஓடினார். கடைசியில் நெட்டருகே மெதுவாக இறக்கப் பார்த்த காக் நெட்டின் மேல்விளிம்பு டேப்பில் தட்டி அவர் பக்கமே விழுந்தது. கோப்பை போயிற்று. தட்சிணாமூர்த்தி என் நாற்காலிக்கு நேராக வந்தார். "மொட்ட மாடியில தென்னமரத்துக்கெல்லாம் அவுட் குடுத்தீங்களாமே. நம்ம பையனுக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

மறுநாள் காலை

என்ன முகத்தோடு போய் நிற்பது என்று தெரியாமல்தான் மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியில் அந்த டீ-ஷர்ட் காய்ந்துகொண்டிருந்தது. பவானி என்னைப் பார்த்ததும், "கடைசியா ஒரு தடவ துவைக்க வச்சிட்டாருங்க. என்னா வேர்வை" என்றார். தோற்ற வீட்டின் பேச்சாக அது இல்லை. ஏகாம்பரம் மிஷினை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னார்.

டீ வந்து பாதி குடித்தோம். பிறகு நான்தான், வழக்கத்துக்கு மாறாக, முதலில் வாய் திறந்தேன். மன்னிச்சுக்கங்க ஏகாம்பரம், நீங்க மறைச்சிட்டீங்க, எனக்கு நெஜமாவே தெரியல என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்ணா. நான்தான் பக்கத்துல நின்னு பாத்தனே. அது கோட்டு மேலதான் விழுந்துச்சு. நீங்க கண்ண மூடினதும், இன்னும் ஒரே ஒரு ராலி ஆடிக்கலாமேன்னு வாயத் திறக்கல."

இத்தனை வருடத்தில் பார்த்துச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்றுக்குக்கூட யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை, தெரியாது என்று கண்ணை மூடிக்கொண்டதற்குத்தான் ஒரு டீ கிடைத்தது.